சொட்டை ஆராய்ச்சி: பழங்கார் இழப்பீட்டியலுக்கு ஒரு பாயிரம்

தமிழில் காப்பியங்களுக்கு உரை உண்டு, அந்த உரைக்கு விளக்கவுரையும் உண்டு. மோட்டார் காப்பீட்டுப் பாலிசிக்கு மட்டும் இதுவரை யாரும் உரை எழுதவில்லை. இத்தனைக்கும் பழைய இலக்கண நூலுக்குரிய எல்லாத் தகுதியும் அதற்கு இருக்கிறது. சுருங்கச் சொல்லும். சொன்னதை நாலு பக்கம் தள்ளி ஒரு விலக்கு விதியால் மறுக்கும். பொருள் தெரியாமலே தந்தையிடமிருந்து மகனுக்குக் கைமாறும். எழுத்தின் பருமன், சுவடி படித்துப் பழகிய கண்ணையும் கலங்கவைக்கும். இப்படிப்பட்ட பனுவலை வருடந்தோறும் காசு கொடுத்து வாங்கி, ஆர்.சி.யோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, டேஷ்போர்டில் செருகிவிடுகிறோம். வண்டி அடிபட்ட அன்று சாயங்காலம்தான் அது முதன்முதலாக வாசிக்கப்படுகிறது. அந்த மனநிலையில் எந்த நூலும் விளங்காது.

இக்குறையைச் சிறிதளவு நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். போன மாதம் ஷோரூமிலிருந்து வந்த வண்டி அடிபட்டால் அதில் ஆராய ஒன்றுமில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகும், கேஷ்லெஸ் என்பார்கள், பத்து நாளில் பாலிஷ் போட்டுக்கொண்டு திரும்பும். புலமைக்கு வேலை வைப்பது பழங்கார் மட்டுமே. ஆகவே ஆய்வு எல்லை அதுவே என்க.

பழங்கார் யாது என்பதிலேயே இரண்டு மரபுகள் உண்டு. 2002 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் கட்டண விதிநூல், 1940 டிசம்பர் 31-க்கு முன் தயாராகி, விண்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்று பெற்ற வண்டியைத்தான் விண்டேஜ் என்று ஒப்புக்கொள்கிறது. அந்த வண்டிக்கு மட்டும், இவ்வளவு மதிப்பு என்று முன்னாலேயே பேசி முடித்த தொகைக்குப் பாலிசி எழுதலாம். முழுச்சேதம் ஆகிவிட்டால் தேய்மானம் பிடிக்காமல் அந்தத் தொகையை அப்படியே கொடுக்க வேண்டும். போக்குவரத்து அமைச்சகம் 2021-ல் வைத்த கணக்கு வேறு. முதல் பதிவு நடந்து 50 ஆண்டு தாண்டி, மூல வடிவம் மாறாமல் இருந்தால் அது விண்டேஜ். 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி நம்பர் பிளேட் உண்டு. புதுப் பதிவுக்குக் கட்டணம் ₹20,000. ஆனால் கண்காட்சி, ரேலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்ற காரியங்களுக்கு மட்டுமே அது தெருவில் இறங்கலாம்; தினப்படி கறிகாய் வாங்க எடுத்துப் போகக் கூடாது. வாக்கியப் பஞ்சாங்கத்தில் ஒரு நாளும் திருக்கணிதத்தில் வேறொரு நாளும் சனிப்பெயர்ச்சி வருவது தமிழருக்குப் பழக்கமானதுதான். அதேபோல, 1960-களில் பிறந்த ஒரு கார் அமைச்சகத்தின் கண்ணில் பாரம்பரியச் சொத்து. காப்பீட்டு நிறுவனத்தின் கண்ணில் வெறும் பழசு.

இவ்விரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு வண்டியே நம் ஆய்வுப் பொருள். மந்தைவெளியில் இருக்கும் என் பெரியப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு அது.

ஹெரால்டை மதராஸின் சொந்தக் கார் என்றே சொல்லலாம். அம்பாசடர் வங்காளத்து உத்தர்பாராவிலிருந்தும், பியட் பம்பாய் குர்லாவிலிருந்தும் வந்துகொண்டிருந்த காலத்தில், வண்டலூர்ப் பக்கம் பிறந்து ஜி.எஸ்.டி. ரோடு வழியாக ஊருக்குள் வந்தது இது ஒன்றுதான். 1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை 1961-லிருந்து இங்கே தயாரித்தது. இத்தாலியர் மிக்கெலோட்டி வரைந்த உருவம், 948 சி.சி. எஞ்சின். பிறகு கேசல் என்ற கார் வந்தது. 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய கார் வந்தது. மூன்றே வருடத்தில் காரும் நின்றது, கம்பெனியின் கார் வாழ்க்கையும் நின்றது. ஆகவே 'ஒரிஜினல் ஸ்பேர் பார்ட்ஸ்' என்ற சொற்றொடர் இவ்வண்டியைப் பொறுத்தவரை இறந்தகாலத்தில் மட்டுமே பயிலும்.

உடலமைப்பில் ஒரு விசேஷம் உண்டு. அது பின்னால் பெரிய தகராறுக்குக் காரணமாகப்போவதால் இங்கேயே குறித்துவிடுகிறேன். மற்ற கார்களில் பானெட் தனி, இடது பெண்டர் தனி, வலது பெண்டர் தனி. ஹெரால்டில் மூன்றும் ஒரே உடம்பு. முன்பக்கம் கீல் போட்ட அந்த மொத்தத் தகடும் விளக்கோடு சேர்ந்து முன்னோக்கிக் கவிழும். அப்படித் திறந்துவிட்டால் மெக்கானிக் முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்தபடியே எஞ்சினைப் பார்க்கலாம். இந்த வசதிக்காகவே அந்தக் காலத்து மேஸ்திரிகள் இவ்வண்டிமேல் பிரியம் வைத்திருந்தார்கள் என்று புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடை மரபினர் கூறுவர்.

2016 டிசம்பர் 12 அன்று வார்தா புயல் சென்னையைக் கடந்தது. ஊரில் விழுந்த ஆயிரக்கணக்கான மரங்களில் ஒன்று பெரியப்பா வீட்டு வாசலில் நின்ற தூங்குமூஞ்சி. மரம் முழுதாக விழவில்லை. ஒரு கிளை மட்டும் முறிந்து, ஹெரால்டின் பானெட்மேல் குறுக்காகப் படுத்துக்கொண்டது. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. பானெட்டின் நடுவில் குழந்தையைக் குளிப்பாட்டும் அளவுக்கு ஒரு சொட்டை.

இத்தகைய சேதம் பாலிசியின் வரம்புக்குள் வருமா? வரும். எவ்வெவற்றால் நேரும் சேதத்துக்குப் பொறுப்பு ஏற்கப்படும் என்று பாலிசியின் முதல் பகுதி ஒரு பட்டியல் தருகிறது. அது ஒரு தனிப்பாடலுக்குரிய அழகோடு இருக்கிறது. தீ, வெடிப்பு, தானாகப் பற்றிக்கொள்ளல், மின்னல், களவு, கலவரம், வேலைநிறுத்தம், நிலநடுக்கம், வெள்ளம், சூறாவளி, புயல், ஆலங்கட்டி மழை, உறைபனி, நிலச்சரிவு, பாறைச்சரிவு, இவற்றோடு, சாலையிலோ ரயிலிலோ படகிலோ லிஃப்டிலோ விமானத்திலோ ஏற்றிச் செல்லும்போது ஏற்படும் சேதம். மார்கழியில் மப்ளர் கட்டுவதோடு பனிக்காலம் முடிந்துவிடும் மந்தைவெளியில், ஹெரால்டுக்கு உறைபனியிலிருந்து பாதுகாப்பு அளிக்கப்பட்டிருந்தது. அதை யாராவது லிஃப்டில் ஏற்றி மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோனால் அதற்கும் உண்டு. அடுத்த பத்தியிலேயே தேய்மானம், பழுதாகி நிற்பது, மின்கோளாறு, இயந்திரக் கோளாறு எதற்கும் பொறுப்பில்லை என்று வருகிறது. அதாவது, பழங்காருக்கு ஒருநாளும் நேராதவை யாவும் அடங்கும். நித்தம் நேர்பவை யாவும் அடங்கா. நல்லவேளையாகப் புயல் முதல் வகையில் இருந்தது.

கிளைம் என்பதன் கட்டங்களை ஐந்திணையோடு பொருத்திக் காட்டும் சபலம் எந்த ஆய்வாளருக்கும் எழும். வண்டியும் மரமும் கூடுவது குறிஞ்சி, மேஸ்திரியோடு பிணங்குவது மருதம், செக்கைப் பார்த்து இரங்குவது நெய்தல் என்று எளிதாகப் போட்டுவிடலாம். எளிதாக இருப்பதாலேயே அதை விட்டுவிடுகிறேன். முல்லைக்கு மட்டும் விலக்கு. ஏனென்றால் இத்துறையில் காத்திருத்தலைவிடப் பெரிய பொருள் கிடையாது. தகவல் கொடுத்த 72 மணி நேரத்துக்குள் சேதத்தை மதிப்பிடும் சர்வேயரை நியமிக்க வேண்டும், நியமித்த 30 நாளுக்குள் அவர் அறிக்கை தர வேண்டும் என்று அப்போது விதி இருந்தது. அந்த வாரம் ஊர் முழுக்கக் கார்கள்மேல் மரங்கள் படுத்திருந்தன. சர்வேயர் வந்து பார்க்கும்வரை வண்டியை அசைக்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது என்று போனில் சொல்லியிருந்தார்கள். பெரியப்பா அந்தக் கற்பைக் காத்தார். மாநகராட்சிக்காரர்கள் காக்கவில்லை. ரம்பத்தோடு வந்து, கிளையைத் துண்டு துண்டாக அறுத்து, லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

சர்வேயர் வந்து முதலில் கேட்ட கேள்வி ஆய்வுலகில் நிலைத்து நிற்கத்தக்கது.

"மரம் எங்க சார்?"

"வெட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்களே சார்."

"மரம் இல்லாம எப்படி சார்? அடி இருக்கு. அடிச்சது எங்க?"

பெரியப்பா மேலே கையைக் காட்டினார். தூங்குமூஞ்சியின் உடம்பில் கிளை முறிந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. சர்வேயர் அதைப் போட்டோ எடுத்தார், சொட்டையைப் போட்டோ எடுத்தார், இரண்டும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி ரோட்டில் படுத்து இன்னொன்று எடுத்தார். காரண காரிய வாதம் இவ்வளவு நேர்மையாகச் செயல்பட்டு நான் வேறெங்கும் கண்டதில்லை.

அடுத்து அவர் செய்தது கல்வெட்டாய்வாளருக்குரிய பணி. பானெட்டைக் கவிழ்த்து, சேஸிஸ் நம்பர் பொறித்த இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, அதன்மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்தார். எழுத்துகள் ஒவ்வொன்றாக வெள்ளையில் எழும்பி வந்தன. கோயில் சுவரில் மைப்படி எடுப்பவர்கள் முகத்தில் தெரியும் அதே நிறைவு அவர் முகத்திலும் தெரிந்தது. ஒரு எண் மட்டும் மூன்றா எட்டா என்று விளங்கவில்லை. ஆர்.சி.யைப் பார்த்து எட்டு என்று வாசித்துக்கொண்டார். கல்வெட்டு அறிஞர்களும் ஏறக்குறைய இப்படித்தான் செய்கிறார்கள் என்பதால் இதில் குறை காண இடமில்லை.

பிறகு தட்டுதல் தொடங்கியது. இது இத்துறையின் உயிர்நாடி. விரல் முட்டியால் பானெட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒரு சாண் விட்டு ஒரு சாண் தட்டிக்கொண்டே போனார். தகடு மட்டும் இருக்கும் இடத்தில் 'டங்' என்று கேட்கும். பட்டி போட்டு மெழுகிய இடத்தில் 'டொக்' என்று கேட்கும். நாலு டங், ஒரு டொக், இரண்டு டங், அப்புறம் தொடர்ச்சியாக டொக், டொக், டொக். சர்வேயர் நிமிர்ந்து பார்த்தார். பெரியப்பா மரத்தைப் பார்த்தார்.

டொக் கேட்ட இடத்தில், கிளை பட்டுப் பெயர்ந்திருந்த பெயிண்டை அவர் சாவியால் சுரண்டியபோது அடுக்குகள் வெளிப்பட்டன. மேலே சாம்பல் நிறம். அதற்குக் கீழே தந்த நிறம். அதற்கும் கீழே ஒரு வெளிர் நீலம். இவ்வண்டி வண்டலூரை விட்டு வந்த நிறம் அதுவாக இருக்கலாம் என்று பெரியப்பா தழுதழுத்தார். அதன் கீழே கால் அங்குலத்துக்குப் பட்டி, அப்புறம் துரு. துருதான் சிக்கல். துரு தேய்மானத்தைச் சேர்ந்தது, தேய்மானம் விலக்கப்பட்டது. எனவே இந்தச் சொட்டையில் மரம் செய்தது எவ்வளவு, 50 வருடத்துக் கடற்காற்று செய்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் கடமை சர்வேயர்மேல் விழுந்தது. அவர் சொட்டையைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். கொஞ்ச நேரம் யோசித்து, அதற்குள்ளே சின்னதாக இன்னொரு வட்டம் போட்டார். உள்வட்டம் புயல், வெளிவட்டம் காலம். நான் கேட்டும், அளந்த முறையை அவர் சொல்லவில்லை.

எஸ்டிமேட் படிவத்தை நிரப்பும்போது மேஸ்திரியும் கூட இருந்தார். அங்கே நடந்த உரையாடலை மூலபாடமாகவே தருகிறேன்.

"மேஸ்திரி, லெஃப்ட் பெண்டர் எவ்வளவு?"

"இதுல பெண்டர்னு தனியா கிடையாது சார்."

"சரி, பானெட் எவ்வளவு?"

"பானெட்டும் தனியா கிடையாது சார். எல்லாம் ஒண்ணுதான்."

"ஃபார்ம்ல மூணு லைன் இருக்கே?"

"வண்டியில ஒரு தகடுதான் சார் இருக்கு."

இது அத்வைதத்துக்கும் துவைதத்துக்கும் இடையிலான பழைய வழக்கு. படிவம் பன்மையை நம்புகிறது. ஹெரால்டு ஒருமையை நிரூபித்துக்கொண்டு வாசலில் நிற்கிறது. கடைசியில் ஒரு தகட்டின் விலையை மூன்றாகப் பங்கிட்டு எழுதினார்கள். பிற்காலத்தில் இந்தப் படிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஹெரால்டின் உடலமைப்பை ஆராய்பவர் தவறான முடிவுக்கே வருவார்.

தேய்மானக் கொள்கைக்கு வருவோம். பாலிசிக்குள் ஒரு முழுத் தத்துவ தரிசனமே ஒளிந்திருப்பது இங்கேதான் தெரியும். மாற்றப்படும் பாகங்களின் விலையில் எவ்வளவு கழிப்பது என்ற அட்டவணை, உலகப் பொருள்களை நால்வகையாகப் பிரிக்கிறது. ரப்பர், நைலான், பிளாஸ்டிக், டயர், டியூப், பேட்டரி ஆகியவை பிறக்கும்போதே பாதி இறந்தவை. நேற்று வாங்கியதானாலும் 50 சதவீதம் கழிவு. ஃபைபர் கிளாசுக்கு 30. உலோகமும் மரமும் வயதுக்கேற்பத் தேயும்: முதல் ஆறு மாதம் ஒன்றுமில்லை, பிறகு படிப்படியாக ஏறி, ஐந்திலிருந்து பத்து வயதுவரை 40, பத்துக்குமேல் 50. கண்ணாடிக்கு மட்டும் கழிவே கிடையாது. வண்டியில் எது முதலில் உடையுமோ அதுவே காப்பீட்டு தரிசனத்தில் நித்தியப் பொருள். ஹெரால்டின் வளைந்த முன்கண்ணாடி உடைந்திருந்தால் நிறுவனம் முழு விலையும் கொடுத்திருக்கும். எந்தக் கடையிலும் இல்லாத ஒரு பொருளுக்கு முழு விலை!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உலோகத்துக்குப் பத்து வயதோடு காலம் நின்றுவிடுகிறது. 2006-ல் வாங்கிய வண்டியும் 1960-களின் ஹெரால்டும் 2016-ல் ஒரே வயது, அதாவது 'பத்துக்குமேல்'. அட்டவணையைத் தயாரித்தவருக்கு அதற்கு அப்பாலும் ஒரு கார் ஓடும் என்று தோன்றவில்லை போலும்.

தடை: புதுப் பாகம் போட்டால் உரிமையாளருக்கு லாபம், அந்த லாபத்தைக் கழிப்பதற்கே தேய்மானம் என்பர். ஹெரால்டுக்குப் புதுப் பாகமே கிடையாதே? புதுப்பேட்டையில் செத்துப்போன இன்னொரு ஹெரால்டிலிருந்து கழற்றிய கிரில்லையும் கீலையும்தான் போடப்போகிறோம். பழசுக்குப் பழசு போட்டால் லாபம் எங்கே? கழிவு எதற்கு?

விடை: பில் இருக்கிறதா?

இந்த விடையின் ஆழம் புதுப்பேட்டை போனவர்களுக்கே தெரியும். எழும்பூர் கூவத்தை ஒட்டிய அந்தச் சந்துகளில், கூரைவரை அடுக்கிய கதவுகளுக்கும் ரேடியேட்டர்களுக்கும் நடுவில் ஹெரால்டின் கீலைக் கண்டுபிடித்துத் தர ஆள் இருக்கிறார்கள். வரிப் பதிவு எண் போட்ட பில் தர ஆள் இல்லை. சிகரெட் அட்டையின் பின்புறம் 'கீல் செட் 1' என்று எழுதித் தருவார்கள். சர்வேயர் மரபினர் அதைப் பிரமாணமாக ஏற்பதில்லை. போதாக்குறைக்கு, பழைய ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பணம் என்றால் ரொக்கம் என்று மட்டுமே அறிந்த கடைவீதியில் கொடுக்க ரொக்கமில்லை. ரொக்கம் கிடைக்கும் ஏ.டி.எம். வாசலில் வரிசை தெரு முனைவரை நீண்டது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பில்லுடன் பாகம் விற்பவர்களோ 'ஹெரால்டா?' என்று கேட்டுச் சிரித்துவிட்டு, டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

அட்டவணையில் இல்லாத ஐந்தாவது வகை ஒன்றும் உண்டு. மனித உழைப்பு. கூலிக்குத் தேய்மானம் கிடையாது. கண்ணாடிக்கு அடுத்தபடி நித்தியமானது டிங்கரின் கை. மேஸ்திரிக்கு இந்தத் தத்துவம் தெரியும். பாலிசியைப் படித்துத் தெரிந்துகொண்டதல்ல. "பார்ட்ஸ் கம்மியா காட்டி லேபரா போடுங்க சார்" என்று அவர் சர்வேயருக்கே பாடம் சொன்னார். சொன்னபடியே செய்தும் காட்டினார். பானெட்டை மாற்றவில்லை. அடியில் டாலியை ஒரு கையால் அணைத்துப் பிடித்து, மேலே சுத்தியலால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றித் தட்டினார். இழுபட்டு நீண்டிருந்த இடத்தைக் கேஸில் காசுப் பொட்டளவு சிவக்கச் சூடேற்றி, சட்டென்று ஈரத்துணியால் ஒற்றினார். தகடு 'சுர்' என்று தன்னைத் தானே இறுக்கிக்கொண்டது. துரு தின்ற இடத்தை வெட்டி எடுத்துவிட்டு வேறு தகடு வைத்துப் பற்றவைத்தார். அது வெளிவட்டக் கணக்கு, பெரியப்பாவின் சொந்தச் செலவு.

ஆனால் வேலை தொடங்குவதற்கு முன்பே ஒரு கண்டம் வந்து போனது. பாலிசியின் எல்லா விதிகளிலும் கொடியது இதுதான். வண்டியை மீட்டு, பழுதுபார்க்க ஆகும் செலவு, காப்பீடு செய்த மதிப்பில், அதாவது ஐ.டி.வி.யில், 75 சதவீதத்தைத் தாண்டினால் அது முழுச்சேதமாகவே கருதப்படும். தேய்மானம் கழித்த பிறகு 75-ஆ, கழிக்கும் முன்பா என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுவர். 'பாலிசி விதிகளுக்கு உட்பட்டு' என்று மூலத்தில் ஒரு தொடர் இருப்பதால் இருசாராருக்கும் பிடி கிடைக்கிறது. ஹெரால்டின் ஐ.டி.வி. ₹60,000. எனவே கோடு ₹45,000-ல் விழுகிறது. மேஸ்திரி முதலில் கொடுத்த எஸ்டிமேட் ₹58,000.

சர்வேயர் கருணையோடுதான் சொன்னார்: "டோட்டல் லாஸ் போட்டுடலாம் சார். சால்வேஜுக்கு ஆள் வருவாங்க. மீதியை நாங்க குடுத்துடுவோம்."

இந்த இடத்தில்தான் புதுக்கார் இழப்பீட்டியலும் பழங்கார் இழப்பீட்டியலும் எதிரெதிர்த் திசையில் பிரிகின்றன. உலகெங்கும் கிளைம் கேட்பவர் எஸ்டிமேட்டை ஏற்றச் சொல்லிக் கெஞ்சுவார், சர்வேயர் இறக்குவார். இங்கே பெரியப்பா மேஸ்திரியைத் தனியாக மாமரத்தடிக்கு அழைத்துப் போய், எஸ்டிமேட்டை இறக்கச் சொல்லிக் கெஞ்சினார். அதிகமாகக் கேட்டால் வண்டி செத்துவிடும். குறைவாகக் கேட்டால்தான் பிழைக்கும். மேஸ்திரிக்குத் தன் வாழ்நாளில் இப்படி ஒரு வாடிக்கையாளர் வாய்த்ததில்லை. இருந்தாலும் புரிந்துகொண்டார். பூசவிருந்த முழு பாடி பெயிண்ட் முன்பக்கத்தோடு நின்றது. பம்பர், முலாம், பீடிங் எல்லாம் எஸ்டிமேட்டிலிருந்து நழுவிப் பெரியப்பாவின் பீரோவுக்குள் போயின.

இறுதி வடிவத்தை எண்களை முழுமையாக்கித் தருகிறேன். உலோகப் பாகம் ₹10,000, ரப்பர் ₹2,000, கூலி ₹20,000, பெயிண்டிங் ₹10,000. மொத்தம் ₹42,000, கோட்டுக்கு மூவாயிரம் கீழே. உலோகத்தில் பாதியும் ரப்பரில் பாதியுமாகப் போனது ₹6,000. பெயிண்டிங் பில் ஒட்டுமொத்தமாக இருந்தால் அதில் கால் பங்கைச் சரக்கின் விலையாகக் கொண்டு, அதில் மட்டும் பாதி கழிக்க வேண்டும் என்பது விதி. அந்த வகையில் ₹1,250. 1,500 சி.சி.க்கு உட்பட்ட கார் என்பதால் கட்டாயக் கழிவு ₹1,000. கழற்றிய பழைய இரும்புக்குச் சால்வேஜ் என்று ₹250. ஆக, கைக்கு வந்தது ₹33,500. உண்மையில் செலவானது எவ்வளவு என்று பெரியப்பாவும் சொல்லவில்லை, பெரியம்மா இருக்கும்போது நானும் கேட்கவில்லை.

₹60,000 என்ற அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது? இதுவே இவ்வியலின் மூலக் கேள்வி. ஐ.டி.வி.க்கு என்று ஓர் அட்டவணை உண்டு. ஆறு மாதத்துக்குள் 5 சதவீதக் கழிவு, ஒரு வருடத்துக்குள் 15, பிறகு 20, 30, 40, ஐந்தாம் வருடத்தில் 50. அதோடு அட்டவணை முடிகிறது. ஐந்து வருடத்தைத் தாண்டியவற்றுக்கும் தயாரிப்பு நின்றுபோனவற்றுக்கும், நிறுவனமும் உரிமையாளரும் பரஸ்பரம் பேசி முடிவுசெய்து கொள்க என்று நூல் ஒதுங்கிக்கொள்கிறது. சதவீதங்களால் வழிநடத்திக்கொண்டே வந்த ஆசான், ஆற்றங்கரை வந்ததும் நீயே நீந்து என்று திரும்பிப் போவது போன்றது இது.

பேசி முடிவுசெய்வது என்றால் எப்படி? கள ஆய்வில் தெரிந்தது இவ்வளவே. ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கும்போது ஏஜென்ட் ஒரு தொகையைச் சொல்வார். அது குறைந்தால் பிரீமியம் குறையும் என்பதால் பெரியப்பா அதிலும் கொஞ்சம் குறைக்கச் சொல்வார். இப்படி வருடா வருடம் பிரீமியத்தில் நூறும் இருநூறும் மிச்சம் பிடித்தவர், அதே மிச்சத்தால் மரணக் கோட்டைத் தன் வண்டியின் தலைக்குமேல் தாழ்த்திக்கொண்டே வந்திருக்கிறார். பெரியப்பாவின் பார்வையில் ஹெரால்டுக்கு மூன்று மதிப்புகள் உண்டு: பிரீமியம் கட்டும்போது அறுபதாயிரம், விற்கிறீர்களா என்று யாராவது கேட்டால் ஆறு லட்சம், பெரியம்மா கேட்டால் மதிப்பே சொல்ல முடியாதது. இம்மூன்றையும் அவர் ஒரே மூச்சில் மனதார நம்பினார். நிறுவனத்தின் பிழை, முதலாவதை மட்டும் நம்பியது. இதைப் பிழை என்று சொல்லலாமா என்றால், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது அதை மட்டும்தானே என்பார் எதிர்வாதி. எனக்கும் எதிர்வாதி பக்கம் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது. பெரியப்பா இதைப் படிக்கமாட்டார் என்ற துணிவில் எழுதுகிறேன்.

காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகப்போவதாக அவர் சில நாள் பேசிக்கொண்டிருந்தார். 1998-ல் ஏற்பட்ட அமைப்பு அது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வரக் கூடாது. சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில், மந்தைவெளியிலிருந்து ஒரே பஸ். ஆனால் எதைக் குறையென்று எழுதுவது? உள்வட்டம் சின்னதாகிவிட்டது என்றா? மனுவின் முதல் வரிக்குமேல் போகவில்லை.

அடுத்த புதுப்பித்தலுக்கு நானும் கூடப் போனேன், பரஸ்பர ஒப்புதல் என்ற நிகழ்வை நேரில் காணும் ஆவலில். கிளைம் வாங்கியதால் இத்தனை வருடம் சேர்ந்திருந்த 50 சதவீத நோ கிளைம் போனஸ் பூஜ்யமாகியிருந்தது. பணமாக அது பெரிதில்லை. பெரியப்பா அதை நன்னடத்தைச் சான்றிதழாக வைத்திருந்தார். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்தபடி கேட்டார்:

"ஐ.டி.வி. எவ்வளவு போடலாம் சார்?"

"ஒரு லட்சம் போடும்மா."

"போன வருஷம் அறுபதுதானே சார்? வண்டி இன்னும் ஒரு வருஷம் பழசாயிடுச்சே."

"பானெட் புதுசு மாதிரி ஆயிடுச்சும்மா."

"அதுக்குத்தான் கிளைம் குடுத்துட்டோமே சார்."

ஐம்பத்தெட்டில் பேச்சு முடிந்தது. அந்தப் பெண் அடுத்த கட்டத்துக்குப் போனார்.

"திருட்டுத் தடுப்புக் கருவி ஏதாவது இருக்கா சார்? இருந்தா ரெண்டரை பெர்சென்ட் குறையும்."

"இதை ஸ்டார்ட் பண்ணத் தெரிஞ்ச திருடன் இன்னும் பொறக்கலம்மா."

"அதுக்கு ஏ.ஆர்.ஏ.ஐ. சர்டிபிகேட் வேணும் சார்."